தம்பியின் கோடு எந்தப் பக்கம் போகிறது

கலியாண வீடுகளில் என்னிடம் வரும் முதல் கேள்வி, "யூனியில என்ன செய்யிறீங்கள் பிள்ளை?" என்பதுதான். "ஸ்டடிஸ்டிக்ஸ், மாமி" என்றால், "ஓ, அக்கவுண்டன்சியோ? நல்லது, நல்லது" என்பார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டு ரோல்ஸ் எடுக்கப் போய்விடுவேன். நின்று விளக்கினால் ரோல்ஸ் முடிந்துவிடும். இங்கே அந்தப் பயம் இல்லை, ஆறுதலாகச் சொல்கிறேன்.

கடைசி வருட ஆய்வுக்கு நான் எடுத்திருப்பது இது: ஒரே பிள்ளைகளை வருடக்கணக்காகத் திரும்பத் திரும்ப அளந்து வைத்திருக்கிறார்கள். அந்த அளவுகளிலிருந்து, வயதோடு ஒரு பிள்ளை எப்படி மாறுகிறது என்ற கோட்டைக் கணக்கால் வரைய வேண்டும். இப்படிப்பட்ட ஆய்வை லொஞ்சிற்றியூடினல் என்பார்கள். நான் தொடர் ஆய்வு என்றே எழுதுகிறேன். சொல்வளம், ஞாபகசக்தி, கோபம் என்று எதையும் இப்படிப் பின்தொடரலாம். நான் எடுத்தது உயரம். அதை அளக்க ஒரு டேப் போதும் என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் சித்தியின் மகன்.

அவனை இங்கே தம்பி என்று மட்டும் சொல்கிறேன். தன்னைப் பற்றி எழுதலாம், ஆனால் எத்தனை சென்ரிமீற்றர் என்று எழுதக்கூடாது என்பது அவனுடைய நிபந்தனை. பதின்மூன்றரை வயது. வகுப்புப் படத்தில் எப்போதும் முன்வரிசை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அவனைவிட ஒரு வகுப்பு கீழே படிக்கிற பெடியன் ஒருவன் அவனைவிட ஒரு தலை உயரம். அந்தப் பெடியனின் அம்மா கார் பார்க்கில் வைத்துச் சித்தியிடம், "என்ன, இவருக்கு ஒழுங்காச் சாப்பாடு குடுக்கிறேல்லையோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் காலையில் குரக்கன் கஞ்சி, பின்னேரம் இரண்டு முட்டை, படுக்கப்போகமுன் ஹோர்லிக்ஸ். தொங்குவதற்கு அறை வாசலில் ஒரு கம்பியும் பூட்டியாயிற்று. தம்பி கம்பியில் தொங்கியபடி போன் பார்க்கிறான்.

இங்கிலாந்தில் பிறந்தவர்களுக்குச் சிவப்புப் புத்தகம் தெரிந்திருக்கும். பிறந்தவுடன் அம்மாவிடம் தரும் அந்தப் புத்தகத்திலும், பிறகு டொக்டர்மார் பார்க்கும் சார்ட்டிலும் ஒன்பது வளைந்த கோடுகள் இருக்கும். நடுக்கோடு 50. மேலே 99.6 வரை போகும், கீழே 0.4 வரை இறங்கும். நூறு பிள்ளைகளை உயரப்படி வரிசையில் நிற்பாட்டினால் உங்கள் பிள்ளை எந்த இடத்தில் நிற்கும் என்பதை அந்தக் கோடுகள் சொல்கின்றன. அதற்கு அவை நல்லவைதான்.

ஆனால் அந்தக் கோட்டைப் பார்க்கும் எந்தப் பெற்றோரும், ஒரு பிள்ளை இந்தக் கோட்டின் மேலேயே நடந்து போகும் என்று நினைத்துவிடுகிறார்கள். சித்தியும் அப்படித்தான். "போன வருசம் இந்தக் கோட்டில நிண்டவர், இப்ப கீழ வந்திட்டார்" என்று என்னிடம் சார்ட்டின் படத்தை அனுப்பினார். அந்த நேரம் இரவு பதினொன்றரை.

பள்ளிக்கூட வயதுக்கான அந்தக் கோடுகள் பெரும்பாலும் ஒவ்வொரு வயதிலும் வேறு வேறு பிள்ளைகளை ஒரேயொரு தடவை அளந்து வரைந்தவை. பன்னிரண்டு வயதில் இருக்கும் புள்ளி ஒரு கூட்டத்தினுடையது, பதின்மூன்றில் இருக்கும் புள்ளி இன்னொரு கூட்டத்தினுடையது. நடுவில் கோட்டை இழுத்தவர் கணக்காளர். உண்மையாக அந்தக் கோட்டில் நடந்துபோன பிள்ளை என்று ஒருவரும் இல்லை.

இதை ஒரு சின்னக் கணக்கால் காட்டலாம். மூன்று பெடியங்களை எடுங்கள். மூவரும் சாதாரண வருடத்தில் 4 சென்ரிமீற்றர் வளர்கிறார்கள், ஒரேயொரு வருடத்தில் மட்டும் திடீரென்று 10. (உண்மையில் உச்சம் முடிந்தபிறகு வளர்ச்சி குறைந்துகொண்டு போகும், இங்கே கணக்கு லேசாக இருக்கட்டும்.) முதலாமவனுக்கு அந்த வருடம் 12 வயதில் வருகிறது, அடுத்தவனுக்கு 14இல், மூன்றாமவனுக்கு 16இல். இனி ஒவ்வொரு வயதிலும் மூவரின் சராசரியை எடுங்கள். 12 வயதில் 10, 4, 4, சராசரி 6. 13இல் 4. 14இல் மறுபடி 6. 15இல் 4, 16இல் 6. ஒரு வருடத்தில் 6 சென்ரிமீற்றர் வளர்ந்தவன் இந்த மூவரில் யார்? ஒருவனும் இல்லை. பத்து வளர்ந்த வருடம் மூவருக்குமே இருந்தது, சராசரியில் அந்தப் பத்து எங்கேயும் இல்லை. மூன்று பேருக்குப் பதிலாக முந்நூறு பேரைப் போட்டால் அந்தச் சின்ன மேடுகள் எல்லாம் ஒன்றோடொன்று கரைந்து ஒரு தாழ்ந்த, அகன்ற மேடாகிவிடும்.

எனக்கு இந்தப் பாடத்தில் மிகப் பிடித்த இடம் இதுதான். எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக் கவனமாக, நேர்மையாக எடுத்த ஒரு சராசரி, ஒரு பிள்ளையைப் போலக்கூட இருக்காது.

இதை முதலில் கண்டுபிடித்தது நாங்கள் இல்லை. மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1890களிலேயே அமெரிக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அளந்து, பிள்ளைகள் உயரத்தில் மட்டும் வேறுபடவில்லை, வளரும் தாளத்திலும் வேறுபடுகிறார்கள் என்று சொன்னார். அதற்கு அவர் போட்ட சொல் டெம்போ, இசையில் இருந்து எடுத்தது. அரை நூற்றாண்டு கழித்து ஜேம்ஸ் டானர் என்ற ஆங்கிலேயர் அதைப் பெரிய அளவில் செய்து காட்டினார். லண்டனில் இருந்து லூட்டன் பக்கம் தேம்ஸ்லிங்க் ரயிலில் போனால் ஹார்பெண்டன் என்று ஒரு ஸ்டேஷன் வரும். அங்கே இருந்த ஒரு சிறுவர் இல்லத்துப் பிள்ளைகளை 1940களின் கடைசியில் தொடங்கி இருபது வருடத்துக்கு மேலாகத் திரும்பத் திரும்ப அளந்தார்கள். வீட்டில் வைத்து வளர்க்க ஆளில்லாத பிள்ளைகள். ஒரே இடத்தில் இருப்பார்கள், தப்பிப் போகமாட்டார்கள் என்பது ஆய்வுக்கு வசதியாக இருந்திருக்கிறது. அந்த வசதியை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான். உலகம் முழுக்க டொக்டர்மார் பயன்படுத்திய சார்ட்டுகளுக்குப் பின்னால் அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

டானர் செய்த கெட்டித்தனம் இது. பிறந்தநாளை வைத்து வரிசைப்படுத்தாமல், ஒவ்வொரு பிள்ளையின் வேகமும் உச்சத்துக்கு வந்த நாளை வைத்து எல்லாக் கோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினார். கரைந்துபோன மேடு உடனே கூர்மையாக எழும்பி வந்தது. அந்த உச்சம் பெண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 12 வயதிலும் ஆண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 14 வயதிலும் வரும், அதுவும் சராசரிதான். இரண்டு வருடம் முந்துவதும் பிந்துவதும் சாதாரணம். பிந்துகிற பிள்ளைக்கு அந்த இடைப்பட்ட காலத்தில் என்ன நடக்கும்? மற்றவர்கள் எல்லாரும் எழும்பும்போது அவன் அதே பழைய வேகத்தில் போவான். சார்ட்டில் பார்த்தால் கோடு கோடாகக் கீழே இறங்குவதுபோல் இருக்கும். அவனிடம் ஒன்றும் குறையவில்லை, கூட்டம் ஏறிவிட்டது.

இப்போது நாங்கள் பயன்படுத்தும் மாதிரிகளில் ஒன்றின் பெயர் சிற்றார். லண்டனில் டிம் கோல் என்பவர் மற்ற இருவரோடு சேர்ந்து 2010இல் வெளியிட்டார். அதன் அடிப்படை, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வடிவக் கோடுதான், ஒவ்வொருவரும் அதை மூன்று விதமாக மாற்றிக்கொள்கிறார்கள் என்பது. உங்களில் பாதிப் பேரை அம்மா அப்பா பாட்டு வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன். ஒரே கீர்த்தனையை மூன்று பேர் பாடுகிறார்கள். ஒருவருடைய சுருதி மேலே, இன்னொருவருடையது கீழே. ஒருவர் முந்தி எடுக்கிறார், இன்னொருவர் பிந்தி எடுக்கிறார். ஒருவர் துரிதமாகப் பாடி முடிக்கிறார், இன்னொருவர் ஆறுதலாகப் பாடுகிறார். பாட்டு ஒன்றுதான். சிற்றாரில் சுருதி என்பது கோட்டை மேலே கீழே நகர்த்துவது, எடுப்பு என்பது இடம் வலம் நகர்த்துவது, காலம் என்பது வயது அச்சை இழுப்பது அல்லது சுருக்குவது. ஒரு பிள்ளைக்கு மூன்றே மூன்று எண்கள். தம்பி கட்டையாக இருப்பது சுருதியாலா எடுப்பாலா என்பதுதான் சித்தி இரவு பதினொன்றரைக்குக் கேட்ட கேள்வி, இந்தப் பெயர்கள் இல்லாமல்.

என்னிடம் தம்பியின் அளவுகள் இருந்தன. சித்தி வீட்டுச் சமையலறை வாசல் நிலையில் பென்சில் கோடுகள், பக்கத்தில் திகதிகள். நல்ல தரவு என்று சந்தோசப்பட்டுப் போனால், கொரோனா ஊரடங்கில் பொழுது போகாமல் சித்தப்பா அந்த நிலைக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்திருக்கிறார். அதற்கு முந்தைய எல்லாம் போய்விட்டது. புள்ளிவிவரக்காரருக்கு இது பெரிய துக்கம் இல்லை. பெயின்ற் அடித்ததற்கும் தம்பியின் உயரத்துக்கும் சம்பந்தம் இல்லை, ஆகவே தொலைந்தது தற்செயலாகத் தொலைந்தது. இருக்கும் புள்ளிகள் பொய் சொல்லாது, எண்ணிக்கைதான் குறைவு. பயப்பட வேண்டியது அடுத்த வகை. போன வருடம் முழுக்க ஒரு கோடும் இல்லை. ஏன் என்று கேட்டால் தம்பி தோளைக் குலுக்கினான். மற்றப் பெடியங்கள் உயரத் தொடங்கியதும் அவன் அந்த வாசலில் நிற்க மறுத்துவிட்டான். வளராததால் அளவு இல்லை. எதை அளக்கிறோமோ அதுவே அளவு தொலைவதற்குக் காரணமாகும்போது, மிஞ்சியிருக்கும் புள்ளிகள் நிலைமை நல்லதாக இருந்த நாட்களை மட்டும்தான் காட்டும்.

பெரிய ஆய்வுகளுக்கும் இதே தலையிடிதான். ஆய்வை விட்டுப் போகிறவர்கள் ஒருபோதும் சும்மா போவதில்லை. வீடு மாறுகிறவர்கள், வேலை போனவர்கள், சுகமில்லாதவர்கள், கடிதத்தின் மொழி விளங்காதவர்கள்தான் முதலில் காணாமல் போவார்கள். அதனால்தான் நியூசிலாந்தின் டுனிடின் ஆய்வை எல்லாரும் பொறாமையோடு பார்க்கிறார்கள். 1972, 73இல் அந்த ஊரில் பிறந்த 1037 பேரைத் தொடர்கிறார்கள். வெளிநாட்டுக்குப் போனவர்களுக்கு விமான ரிக்கற் எடுத்துக்கொடுத்துக் கூப்பிட்டு அளக்கிறார்கள். 45 வயதில், உயிரோடு இருந்த 997 பேரில் 938 பேர் வந்தார்கள். எங்கள் குடும்பத்து கெட்-டுகெதருக்கு இந்த விகிதத்தில் ஆள் வந்ததே இல்லை.

தம்பியிடம் மிஞ்சியது நாலு புள்ளி. நாலு புள்ளியை வைத்து ஒரு வளைகோட்டை வரைய முடியாது. இங்கேதான் கலப்பு மாதிரி என்ற கருவி வருகிறது. லேர்ட், வேர் என்ற இருவர் 1982இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவலானது. ஒவ்வொரு பிள்ளையின் கோட்டையும் தனியாகப் போடாமல், எல்லாரையும் ஒன்றாகப் போட்டு, கூட்டத்துக்கு ஒரு கோடும் ஒவ்வொருவரும் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறார் என்பதையும் சேர்த்துக் கணக்கிடும். நிறையப் புள்ளிகள் உள்ள பிள்ளையை அது நம்பும். நாலே புள்ளி உள்ள பிள்ளையை அரைவாசி நம்பி, மிச்சத்துக்குக் கூட்டத்திடம் கடன் வாங்கும். ஊரில் ஒருவரைப் பற்றி அதிகம் தெரியாவிட்டால், "ஆற்றை பிள்ளை?" என்று கேட்டு மிச்சத்தை ஊகிப்பார்களே, அது மாதிரித்தான்.

கணக்கு அழகானது. ஆனால் எந்தக் கூட்டம்? நான் பயிற்சிக்கு எடுத்தது, சிற்றார் மென்பொருளோடு இலவசமாக வரும் 136 பிள்ளைகளின் அளவுகள். பிறப்பிலிருந்து 21 வயதுவரை அளந்திருக்கிறார்கள், தங்கம் மாதிரியான தரவு. அவர்கள் 1928, 29இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்தவர்கள். ஹரோவில் குரக்கன் கஞ்சி குடிக்கும் ஒரு யாழ்ப்பாணத்துப் பெடியன் தனக்குத் தெரியாததையெல்லாம் அவர்களிடம் கடன் வாங்கவேண்டி இருக்கிறது. இங்கே 2000க்கும் 2002க்கும் இடையில் பிறந்த ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைத் தொடரும் ஒரு பெரிய ஆய்வு உண்டு. சிறுபான்மையினர் கூடுதலாக வாழும் இடங்களில் இருந்து வேண்டுமென்றே கூடுதலாக ஆள் சேர்த்தார்கள், அது நல்ல வேலை. ஆனாலும் இந்த நாட்டுப் படிவங்களில் இந்தியர், பாகிஸ்தானியர், பங்களாதேசிகள், சீனர் என்று பெட்டிகள் இருக்கும். எங்களுக்கு 'வேறு ஆசியர்'. பிலிப்பினோக்காரரும் நேபாளியும் நாங்களும் ஒரே பெட்டிக்குள். அந்தப் பெட்டியின் சராசரி யாருடைய முகம் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு பொறியும் உண்டு. எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நிற்பாட்டினால் என்னைவிடச் சித்தி கட்டை, சித்தியைவிட அம்மம்மா கட்டை. ஒரே நாளில் மூவரையும் அளந்து வயதுக்கு எதிராகப் புள்ளி போட்டால், பெண்கள் 22 வயதிலிருந்து வேகமாகச் சுருங்கிக்கொண்டு வருகிறார்கள் என்று ஒரு கோடு வரும். வயது போகப்போக மனிதர் கொஞ்சம் கட்டையாவது உண்மை. அவ்வளவு இல்லை. அம்மம்மாவின் சிறுவயதுச் சாப்பாடும் என்னுடைய சாப்பாடும் ஒன்றல்ல. வயது என்று எழுதியிருக்கும் இடத்தில் பிறந்த காலம் ஒளிந்திருக்கிறது.

சிரிப்பாக இருக்கிறது, ஆனால் மூளையைப் பற்றி உலகம் நெடுங்காலம் இப்படித்தான் முடிவெடுத்தது. இளம் வயதினரையும் முதியவரையும் ஒரே நாளில் சோதித்து, அறிவு இளமையிலேயே இறங்கத் தொடங்குகிறது என்றார்கள். வார்னர் ஷை என்பவர் 1956இல் சியாட்டிலில் 500 பேரைச் சோதித்தார். இருபதுகளில் இருந்து எழுபது வயது வரையானவர்கள். ஏழு வருடம் கழித்து அதே ஆட்களைத் தேடிப் போனார், பிறகு மறுபடி ஏழு வருடம் கழித்து. ஒரே நாள் கோடு கீழே சரிந்த இடத்தில், அதே மனிதரைப் பின்தொடர்ந்த கோடு பல திறன்களில் ஏறியோ நிலைத்தோ நின்றது. குறிப்பிடத்தக்க சரிவு பெரும்பாலும் 60க்குப் பிறகுதான். இதை நான் அம்மம்மாவுக்குச் சொன்னபோது, "எனக்குத் தெரியும்" என்றார்.

வயது, பிறந்த வருடம், அளந்த வருடம். இதில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாக வந்துவிடும். அதனால் மூன்றின் விளைவையும் முழுதாகப் பிரித்தெடுக்க எந்தக் கணக்காலும் முடியாது, ஏதாவது ஒன்றை நாங்களாக ஊகித்தே ஆக வேண்டும். பாடப்புத்தகத்தில் இதைப் படித்தபோது ஒரு வரியாகக் கடந்து போனேன். சித்தப்பா பேசும்போதுதான் அது உறைத்தது.

சித்தி அழாத குறையாக இருந்த ஒரு நாள் சித்தப்பா சொன்னார்: "விடும் அப்பா. நானும் உப்பிடித்தான் இருந்தனான். ஓ.எல். எழுதேக்க வகுப்பிலயே கட்டை நான்தான். பிறகு கொழும்புக்கு வந்தாப்பிறகு மளமளவெண்டு வளந்தனான்."

தகப்பனும் பிந்தி வளர்ந்தவர் என்பது டொக்டர்மார் கேட்கும் முக்கியமான கேள்வி. வளரும் தாளம் குடும்பத்தில் வரும். அதனால் இது நல்ல செய்தி. ஆனால் சித்தப்பாவுக்குப் பதினைந்து வயது 1995இல். பொருளாதாரத் தடை இருந்த யாழ்ப்பாணம். அந்த ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்துச் சனம் முழுக்க ஓரிரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது அவரும் ஒரு சூட்கேசைத் தலையில் வைத்துக்கொண்டு மழையில் நடந்தார். சாப்பாடு போதாவிட்டால் வளர்ச்சி பிந்தும், சாப்பாடு கிடைத்ததும் விட்டதைப் பிடிக்கும். அப்படியென்றால் அவர் பிந்தி வளர்ந்தது இரத்தத்தில் இருந்த எடுப்பாலா, அந்த வருடத்தாலா? முதலாவது என்றால் தம்பிக்கும் வந்திருக்கலாம். இரண்டாவது என்றால் அது தம்பியைப் பற்றி எதுவுமே சொல்லாது.

கேட்டுப் பார்த்தேன். ஊரில் கிளினிக்கில் தந்த வளர்ச்சி அட்டை? போய்விட்டது. பள்ளிக்கூடப் படங்கள்? வீட்டோடு போய்விட்டன. தமையனோடு ஒப்பிடலாமா என்றால், அவர் அதே காலத்தில் அதே இடத்தில் வளர்ந்தவர். சித்தப்பாவிடம் உயரம் குறித்த ஒரு புள்ளிகூடத் தாளில் இல்லை. ஞாபகம் மட்டும் இருந்தது: இடம்பெயர்ந்து இருந்த வீட்டில் கிணற்றுக்கட்டு அவருடைய நெஞ்சுவரை வந்ததாம். அந்தக் கிணற்றுக்கட்டு எவ்வளவு உயரம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், கையைக் காட்டி.

டொக்டரிடம் போனார்கள். அவர் தம்பியின் இடக்கையை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். கை எலும்புகளின் நுனிகளில் இன்னும் எவ்வளவு வளர இடமிருக்கிறது என்பதைப் பார்த்து எலும்பின் வயதைச் சொல்லலாம். தம்பியின் எலும்புக்கு ஏறக்குறைய பதினொன்றரை வயது. இரத்தப் பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை. சுருதி நடுத்தரம், எடுப்புத்தான் பிந்துகிறது என்பதற்கு இது நல்ல சாட்சி. என் கணக்கைவிட ஒரேயொரு எக்ஸ்ரே அதிகம் சொன்னது, அதில் எனக்குக் கொஞ்சமும் கவலை இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து கொண்டுவரச் சொல்லி அனுப்பினார்.

ஆறு மாதம் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. பிரான்சில் மோன்பெய்யார் என்ற பிரபு 1759இல் பிறந்த தன் மகனை 1777 வரை ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து எழுதி வைத்தார். அவருடைய நண்பர் புஃபோன் அதைத் தன் நூலில் வெளியிட்டார். ஒரு பிள்ளையின் வளர்ச்சியைத் தொடர்ந்து அளந்த மிகப் பழைய பதிவாக இன்றும் அதைத்தான் காட்டுகிறார்கள். அதைவிட நெருக்கமாக அளந்தால் குழப்பம்தான் கூடும். காலையில் எழும்பும்போது எல்லாரும் கொஞ்சம் உயரம், பின்னேரம் முள்ளந்தண்டு அமுங்கிக் கட்டை. டேப் பிடிக்கிறவரின் கையும் அசையும். மாதாமாதம் அளந்தால் வளர்ச்சியைவிடப் பிழை பெரிதாக இருக்கும். இதைச் சித்தியிடம் சொன்னேன். அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் அளந்துகொண்டிருந்தார்.

இப்போது முறை இதுதான்: ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் மட்டும், காலையில், சப்பாத்து இல்லாமல், நான்தான் அளப்பேன். தம்பி ஒத்துக்கொண்டான், எண்ணைச் சித்திக்குச் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு. நிலையில் கோடு போடுவதில்லை, என் போனில் இருக்கிறது. ஏப்ரல் புள்ளியைச் சேர்த்து அஞ்சு புள்ளி ஆகிவிட்டது. கடைசி இரண்டுக்கும் நடுவில் கோடு கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி இருக்கிறது. அந்த நிமிர்வு ஒரு சென்ரிமீற்றரைவிடக் குறைவு, என் கை அசைந்திருந்தாலும் அவ்வளவு வரும். தம்பி எட்டிப் பார்த்து, "அக்கா, இது ஏறுதா?" என்றான். ஒக்டோபரில் சொல்கிறேன் என்றேன். "நீங்கள் ஸ்டடிஸ்டிக்ஸ் ஆக்கள் எல்லாரும் உப்பிடித்தான்" என்றுவிட்டுக் கம்பியில் தொங்கப் போனான்.